ஐந்தாம் கேள்விக்கு மூன்றாம் பதில்

"புத்தகத்தைத் திறங்க" என்று நான் சொன்னால் இங்கே பிள்ளைகள் பென்சிலைக் கையில் எடுக்கிறார்கள். ஆவடிக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் வாரத்தில் எனக்குப் பிடிபடாமல் போன விஷயம் இதுதான். எழுதச் சொல்லவில்லை, படம் போடச் சொல்லவில்லை, படிக்கத்தானே சொன்னேன், இதற்கு எதற்குப் பென்சில்? நான்காம் வகுப்பு மொத்தமும் பென்சில் முனையைப் பக்கத்தின் மேல் நிறுத்திக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த யாமினி என்ற பெண்தான் கடைசியில் பொறுமை இழந்து கேட்டாள்.

"எதுலேர்ந்து எதுவரிக்கும் மிஸ்?"

"என்னம்மா, எதுலேர்ந்து?"

"ஃபர்ஸ்ட் கொஸ்டின் ஆன்சர் மிஸ். எங்க ஸ்டார்ட் ஆவுது, எங்க முடியுதுன்னு சொன்னீங்கன்னா மார்க் பண்ணிக்குவோம்."

பிறகுதான் விளங்கியது. பாடத்தின் கடைசியில் கேள்விகள் இருக்கும். இந்தச் சொல்லிலிருந்து அந்தச் சொல்வரைக்கும் முதல் கேள்விக்குப் பதில் என்று ஆசிரியை சொல்வார். பிள்ளைகள் அந்த வரிகளுக்கு இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, ஓரத்தில் ஒன்று என்று எண் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா அந்தக் கொக்கிக்குள் இருப்பதை மட்டும் ஒப்பிக்க வைப்பார். பரீட்சையில் அதே வரி அப்படியே தாளில் இறங்கும். கொக்கிக்கு வெளியே இருக்கும் வரிகளை அச்சடித்தவர் படித்திருந்தால்தான் உண்டு.

அங்கே மலேசியாவில், கிள்ளானில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் தமிழ்ப்பள்ளிகளின் லட்சணமும் எனக்குத் தெரியும், அங்கேயும் நான் ஆசிரியையாக இருந்தவள்தானே. சோதனை நெருங்கினால் கருத்துணர்தல் பயிற்சி என்ற பெயரில் பழைய தாள்களைப் பிழிந்து பிழிந்து பிள்ளைகளுக்கு ஊற்றுவோம். ஆனாலும் ஒன்று இருந்தது. புதுப் புத்தகம் கையில் வந்தால் முதலில் அட்டையைப் பார்ப்போம். பொருளடக்கத்தைப் புரட்டுவோம். தலைப்பு, துணைத்தலைப்பு, படம், படத்தின் கீழே இருக்கும் வரி, தடித்த எழுத்தில் இருக்கும் சொல், ஓரத்தில் கட்டம் கட்டிய செய்தி, எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டு, இதில் என்ன இருக்கப் போகிறது என்று பிள்ளைகள் ஊகம் சொன்ன பிறகுதான் முதல் வரிக்கே போவோம். ஊகம் தப்பானால் யாரும் அடிக்க மாட்டார்கள். அதிலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நான் இங்கே வந்து சேர்ந்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். என் கணவர் பாஸ்கர் ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரர். கிள்ளானில் சில வருடங்கள் வேலை பார்த்தபோது பழக்கமாகிக் கல்யாணத்தில் முடிந்தது. ஊர் திரும்பி நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார், நானும் கூடவே வந்தேன். என்னைக் கிளப்பிக் கொண்டுவந்தது அவர் அல்ல, அவர் சொன்ன ஒரு வார்த்தை. "எங்க ஊர்ல பஸ்ஸுல, கடையில, கவர்மென்ட் ஆபீஸ்ல எல்லாத்துலயும் தமிழ்தான் கலா. தமிழ் டீச்சருன்னு சொன்னா கையெடுத்துக் கும்பிடுவாங்க" என்றார். நான் பிறந்த நாட்டில் தமிழ் படிப்பதற்குக் காரணம் சொல்லியே வளர்ந்தவள். காரணம் சொல்ல வேண்டாத ஊர் ஒன்று இருக்கிறது என்றதும் மயங்கிப் போனேன்.

கும்பிட ஒருவரும் வரவில்லை. "மலேசியாலயும் தமிழ் பேசுவாங்களா?" என்று கேட்டார்கள். என் தமிழ் நியூஸ் வாசிப்பது போல் இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு தோழி கிடைத்தாள், சுமதி. நான்காம் வகுப்பு பி பிரிவு அவளுக்கு, ஏ பிரிவு எனக்கு. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள், சாயங்காலம் வீட்டிலேயே இரண்டு பிரிவுப் பிள்ளைகளுக்கும் டியூஷன் எடுப்பாள். நம் ஊர் வழக்கப்படி காலையில் அவளைப் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்பேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் பசியோடு வருகிறேன் போல, வெட்கப்பட்டுச் சுற்றி வளைத்துக் கேட்கிறேன் போல என்று நினைத்து மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகும் இட்லி நிற்கவில்லை. "இன்னாக்கா, ரெண்டு இட்லில நான் அழிஞ்சிடப் போறனா" என்பாள். அந்த நாட்டில் விட்டு வந்த தங்கைக்குப் பதிலாக இங்கே ஒருத்தி என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி வகுப்பை ஆரம்பித்தேன். "படிக்காதீங்க, பாருங்க" என்றேன். பிள்ளைகளுக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. படிக்காதே என்று சொல்கிற மிஸ்ஸை யார் பார்த்திருக்கிறார்கள்? ஒரு வீட்டுக்குள் போவதற்கு முன் வெளியே நின்று சுற்றிப் பார்ப்பது போல என்று விளக்கினேன். "புரோக்கரு ஊடு காட்டுற மாரியா மிஸ்?" என்றான் ஒருவன். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் தலைப்பு வாசலாயிற்று, துணைத்தலைப்புகள் அறைகளாயின, தடித்த எழுத்துச் சொற்கள் பூட்டிய பீரோக்கள். பாடத்தைத் திறந்ததும் "சுத்திப் பாக்கலாமா மிஸ்?" என்று அவர்களே கேட்பார்கள். யாமினிதான் மெதுவாக வந்தாள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒப்பிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கொக்கி இல்லாத பக்கத்தைப் பார்த்தால் மட்டும் கண் கலங்கிவிடும். ஒருநாள் தென்னை பற்றிய பாடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் பத்தியில் எங்கேயும் இல்லை. எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து, "மிஸ், அது படத்துக்குக் கீழ கீது மிஸ்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்குக் கிள்ளான் ஞாபகமே வரவில்லை.

சந்தோஷம் நிலைக்கவா செய்யும்? ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி பதில் எழுதிக்கொண்டு போனது. தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் அந்தப் பதில்களை ஒப்பிட்டார்கள். யாருடையது சரி? எல்லாமே சரி என்றால் அது என்ன பாடம்? புத்தகம் வெள்ளையாக இருக்கிறது, கொக்கியே இல்லை, அந்த மலேசியா மிஸ் பாடமே நடத்துவதில்லை என்று புகார் போயிற்று. கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் சேர்ந்தபோது 'வெளிநாட்டு முறையில் வாசிப்புப் பயிற்சி' என்று பேனர் அடித்து ஸ்டேஷன் ரோட்டில் கட்டியவர் அவர்தான். இப்போது தலையைச் சொறிந்தார்.

"ஓப்பன் டே வருதும்மா. பேரன்ட்ஸ் முன்னாடி, பசங்க இதுவரிக்கும் பாக்காத ஒரு பக்கத்தைக் குடுப்போம். படிச்சிப் பதில் சொல்லிட்டாங்கன்னா கிளாஸ் உங்க இஷ்டம். சொல்லலன்னா எல்லார் மாரியும் நீங்களும் மார்க் பண்ணிக் குடுங்க, இல்லாட்டி நான் வேற ஆள் பாக்க வேண்டியதாப் பூடும்."

நான் சரி என்றேன். அதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை நானும் முன்கூட்டிப் பார்க்க மாட்டேன், சுமதியே தேர்ந்தெடுக்கட்டும், கேள்விகளையும் அவளே போடட்டும், அன்று காலையில் என் கையில் கொடுத்தால் போதும் என்றேன். யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். வெளியே வந்ததும் சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஜெயிச்சினா நானும் என் கிளாஸ்ல கொக்கிய நிறுத்திடுவேங்க்கா. சத்தியமா" என்றாள். வகுப்பு என் கையில் நிற்குமா போகுமா என்ற கவலையில், போகும் வரும் வழியெல்லாம் பிள்ளைகளுக்குக் கடைப் பலகையையும் பேருந்து அட்டவணையையும் மருந்துப் பெட்டியையும் காட்டிக் காட்டிப் படிக்க வைத்தேன்.

ஓப்பன் டே அன்று ஹால் நிறைந்துவிட்டது. வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள், யூனிஃபார்ம் சட்டையோடு வந்த அப்பாக்கள், பின்வரிசையில் என் கணவர். சுமதி உறையைப் பிரித்துப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், கேள்வித்தாளை என்னிடம் நீட்டினாள். வவ்வாலைப் பற்றிய பக்கம். அருமையான தேர்வு, தலைப்பு இருக்கிறது, கட்டம் கட்டிய செய்தி இருக்கிறது, தாய் வவ்வாலின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்தார்கள். முதல் கேள்வி, வவ்வால் எந்த வகை உயிர்? "வவ்வால் ஒரு பறக்கும் பாலூட்டி." இரண்டாவது, பகலில் எங்கே தங்கும்? "மரக்கிளைகளிலும் குகைகளிலும் தலைகீழாகத் தொங்கும்." கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரமாகவா கண்டுபிடித்தார்கள், என் பிள்ளைகளா இவர்கள் என்று பூரித்துப் போய், வரிசையை விட்டுவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த ஐந்தாம் கேள்விக்குத் தாவினேன். அது படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வி. "தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இருப்பது எது?"

மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. "வவ்வால் தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது."

அது மூன்றாம் கேள்விக்கான பதில். நான் இன்னும் கேட்காத கேள்விக்கான பதில். கண்ணெதிரே குட்டியின் படம் இருக்கிறது, ஒரு பிள்ளைகூட அதைப் பார்க்கவில்லை. ஹாலில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, எதிரொலி என்ற பெரிய சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் மறுபடி கைதட்டினார்கள். சுமதி மட்டும் சட்டென்று முன்னால் வந்து "சூப்பர், அடுத்தது நான் கேக்கறேன்" என்று தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் யாமினியைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் யாமினி தானாகவே வந்தாள். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள்.

"சுமதி மிஸ்தான் டியூஷன்ல குடுத்தாங்க மிஸ். டியூஷன் வராதவங்களுக்கும் கூப்பிட்டுக் குடுத்தாங்க. அம்மாங்கதான் ஊட்ல ஒப்பிக்க வச்சாங்க. உங்களாண்ட சொல்லக் கூடாது, மிஸ்ஸுக்கு சர்ப்ரைஸுன்னாங்க."

"எல்லாருக்கும் பேப்பர் எங்கே கிடைச்சது?"

"உங்க ஊட்டு அங்கிள் கடையிலதான் மிஸ் ஜெராக்ஸ். நானும் போனேன். அங்கிள் சாக்லேட் குடுத்தாரு."

சுமதியிடம் அன்றே கேட்டேன். அவள் மறைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "பசங்க தப்பாச் சொல்லிட்டா உன்ன அனுப்பிடுவாருக்கா. உன்னக் காப்பாத்தத்தானே செஞ்சேன். நீ கேள்விய மாத்திக் கேப்பன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். பிள்ளைகளால் முடியும் என்று நீ நம்பவே இல்லையா என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நாலாங் கிளாசுக்கா. அதுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். தென்னைப் படத்துக்குக் கீழே விரல் வைத்தவளும் நாலாங் கிளாஸ்தானே என்று சொல்ல வாய் வரை வந்தது. யாரிடம் சொல்வது? மறுநாள் காலை மேசையில் டிபன் டப்பா இருந்தது. நான் திறக்கவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

சுமதியையாவது ஊர்ப் பழக்கம் என்று தள்ளிவிடலாம். வீட்டுக்காரரை என்ன செய்வது? கடையை மூடிவிட்டு வந்தவரிடம் கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"சுமதி வந்து கேட்டுச்சு, எடுத்துக் குடுத்தேன். இன்னா இப்ப? அத்தினி பேர் முன்னாடி நீ திருதிருன்னு முழிச்சிகினு நின்னிருந்தா நல்லாருந்திருக்குமா? என் பொண்டாட்டியப் பாத்து நாலு பேர் சிரிக்கறத நான் பாத்துகினு இருக்கணுமா?"

"நான் தோத்திருந்தா தோத்திருப்பேன். அது என்னோட தோல்வி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உட்டிருப்பியா? இங்க எல்லாம் இப்படித்தான் கலா. உனக்குத்தான் இந்த ஊரு இன்னும் புரியல."

புரியாமல் இல்லை. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், நடுவில் நின்று பூரித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அவரும் கை தட்டினார், நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன், அதையும் வாங்கிக்கொண்டு தட்டினார். என்னை ஏமாற்றியதைக்கூட நான் மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டதை எப்படி மறப்பது? கடல் தாண்டி அவர் பேச்சை நம்பி வந்தவள் நான். வெட்கமும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தன. சாப்பாடு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

கரஸ்பாண்டன்டிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறந்ததும் அவர் கையமர்த்தினார். "தெரியும்மா. சுமதி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சிச்சு. பேரன்ட்ஸுக்கு ரொம்ப சந்தோஷம். நீங்க உங்க மெத்தட்டே நடத்துங்க, நான் குறுக்க வரமாட்டேன். பரீட்சைக்குத் தேவையானத சுமதி டியூஷன்ல மார்க் பண்ணிக் குடுத்துடும்." அடுத்த வருடச் சேர்க்கைக்கு என் போட்டோவோடு பேனர் வருமாம். எந்தப் போட்டோ வேண்டும் என்று கேட்டார். வகுப்பு என் கையில் நின்றுவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் பிள்ளைகளின் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. இதற்கும் சாயங்காலம் பதில் வந்துவிடும் என்ற நிம்மதி. சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து, வரும்போது என் அக்கா மகன் கொடுத்தனுப்பிய சிறுவர் இதழைத் தேடி எடுத்தேன். மலாய் இதழ். அதில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டேன். கணவர் கடையில் அல்ல, ஆவடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறு ஒரு கடையில்.

பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. "இது இன்னா பாஷ மிஸ்?" நான் சொல்லவில்லை. பாருங்கள் என்றேன். மேலே பெரிய எழுத்தில் 'பஞ்ஜிர்' என்று தலைப்பு. "பஞ்சர் மிஸ்" என்றான் புரோக்கர் பையன். டயர் எங்கேடா என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். படத்தில் டயர் இல்லை. படகு இருந்தது, மொட்டை மாடியில் ஆட்கள் இருந்தார்கள், சுவரில் கோடு கோடாக உயரம் குறித்திருந்தது. "வெள்ளம்டா இது. எங்க ஊட்டாண்டயும் போட் வந்துச்சு" என்று ஒருத்தி எழுந்தாள். பஞ்ஜிர் என்றால் வெள்ளம்தான். பிறகு ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. சிவப்புக் கட்டத்தில் போன் படம் இருக்கிறது, அது உதவி கேட்கிற நம்பர் என்றாள் யாமினி. வரைபடத்தில் இருந்த அம்புக்குறிதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. தண்ணீர் வரும் வழி என்று பாதிப் பேர், ஆட்கள் போக வேண்டிய வழி என்று பாதிப் பேர். எது கரெக்ட் மிஸ் என்று என்னிடம் வந்தார்கள். அம்பு எங்கே போய் முடிகிறது என்று மட்டும் கேட்டேன். கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் முடிந்தது. "தண்ணி எதுக்கு மிஸ் ஸ்கூலுக்குப் போவுது? ஆளுங்கதான் போறாங்க" என்று யாமினி கத்தினாள்.

படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்த மொழியில் நான் வாய்விட்டு ஒரு பத்தி படித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பிள்ளைக்கும் ஒரு சொல் புரியவில்லை. படத்தில் புரிந்த இடத்திலெல்லாம் விரல் வைத்துக்கொண்டே கேட்டார்கள். பதினொரு மணி மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. மணி அடித்ததும் யாமினி கிட்டே வந்தாள்.

"மிஸ், சுமதி மிஸ்ஸுக்கு இந்த பாஷ தெரியாதில்ல?"

"தெரியாது."

"அப்ப நாளிக்கும் இதுலயே குடுங்க மிஸ்."

தமிழுக்காக இந்த ஊருக்கு வந்தவள், தமிழ்ப் பிள்ளைகளை நேர்மையாக வாசிக்க வைக்க மலாயைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்ல? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் பாஸ்கர் சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்தார். நான் பேச்சைக் குறைத்துப் பல நாள் ஆகிறது, அவருக்கும் பொறுக்கவில்லை. வாசற்படியில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிள்ளானில் சண்டை வந்தால் சமாதானத்துக்கு அவர் வைத்திருந்த ஆயுதம் அவருடைய அரைகுறை மலாய். அதைக் கேட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"மாரா லாகி?" என்றார். இன்னும் கோபமா என்று கேட்கிறார். நம் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கும் புரியும்.

"இன்னா?" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, என் ஊர்க்காரர்கள் சொல்வது போலவே மறுபடி கேட்டார். நான் கீரைக்காம்பைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டே, அவர் அம்மா சொல்வது போலச் சொன்னேன்.

"நீ இன்னா சொல்றன்னே எனக்குப் புரியல."